களைப்பும் சோம்பலும்

உழைத்தவன் களைப்படைவான், உறங்கி எழுந்தால் களைப்பு நீங்கிவிடும். இது உலகம் அறிந்த கணக்கு. நமது கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் மல்லாட்டை பிடுங்கும் காலத்தில், காலை முதல் மாலை வரை குனிந்த முதுகு நிமிராமல் செடி பிடுங்கிக் காய் ஆய்ந்துவிட்டு வரும் பெண்களைப் பார்க்கிறோம். பௌர்ணமி இரவில் அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்துவிட்டு, விடியற்காலை செஞ்சி பஸ்ஸில் நின்றபடியே தூங்கிக்கொண்டு வரும் அண்டை வீட்டாரையும் பார்க்கிறோம். இவர்களுடைய களைப்புக்கு வரவும் உண்டு, செலவும் உண்டு. ஓரிரவு உறக்கத்தில் கணக்கு நேராகிவிடும்.

ஆனால் செய்த வேலைக்குப் பொருந்தாத, உறங்கினாலும் தீராத, மருத்துவருக்கும் எளிதில் பிடிபடாத ஒரு களைப்பும் உலகில் இருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது நமக்குப் பெருமை தரும் காரணமல்ல.

நமது பள்ளிவாசலில் ஐந்து வேளையும் தவறாமல் வந்துகொண்டிருந்த சகோதரர் ஒருவர். சைக்கிளில் போர்வையும் லுங்கியும் கட்டிக்கொண்டு அவலூர்ப்பேட்டைச் சாலைக் கிராமங்களில் தெருத்தெருவாகச் சுற்றி வியாபாரம் செய்பவர். வயது நாற்பதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கலாம். பீடி, சிகரெட் இல்லை. கண்ட நேரத்தில் உண்பதில்லை. இஷா தொழுதவுடன் படுத்துவிடுவார். உடலை அசைக்காமல் உட்கார்ந்திருப்பதால் வரும் மந்தம் என்று சொல்வதற்கும் இடமில்லை. நாள் முழுவதும் மிதித்துக்கொண்டே இருப்பவர். அப்படிப்பட்டவர் முதலில் சுபுஹு ஜமாஅத்துக்கு வருவதை நிறுத்தினார். பிறகு இஷாவுக்கும் காணவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வியாபாரத்துக்கும் போகவில்லை என்று செய்தி வந்தது.

ஒரு ஜும்ஆவுக்குப் பின் அவரைத் தூணோரம் உட்கார வைத்து நாம் பேசினோம். பேசினோம் என்பதைவிட உபதேசித்தோம் என்பதே சரி. நயவஞ்சகர்கள் தொழுகைக்கு நிற்கும்போது சோம்பலோடு நிற்பார்கள் என்று சூரத்துன் னிஸாவில் வருவதை எடுத்துச் சொன்னோம். நாலு பேர் காதில் விழும்படியாகவே சொன்னோம். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நீங்க சொல்றது சரிதான் பாய். எனக்கு ஒடம்பு எந்திரிக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்கடுத்த ஜும்ஆவுக்கு அவர் நமது பள்ளிக்கு வரவில்லை. திருவண்ணாமலைக்குப் போய்த் தொழுகிறார் என்று கேள்விப்பட்டோம். சுபுஹுக்கு நாலு வீதி நடக்க முடியாதவர், நம் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக பஸ் ஏறிப் போகிறார்!

பல மாதங்கள் கழித்து அவருடைய மச்சான் சொல்லித்தான் விவரம் தெரிந்தது. அவர் ஒவ்வொரு நாளும் பாங்கு சப்தத்துக்கு விழித்துவிடுகிறாராம். கட்டிலின் விளிம்பில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாராம். ஒளுச் செய்யும் இடம் பத்தடி தூரம். அந்தப் பத்தடி கடக்க முடியாமல் அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பாராம். இதைக் கேட்ட அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

பிறருடைய களைப்புக்குச் சோம்பல் என்று பெயரிடும் அதிகாரம் நமக்கு எங்கிருந்து வந்தது? வாசகர்கள் நம்மோடு சேர்ந்து சிந்திக்க வேண்டும் என்பதற்காகவே இதை வெளிப்படையாக எழுதுகிறோம்.

நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதிகமாக ஓதிவந்த துஆ ஒன்றை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரீ ஷரீஃபில் அது இடம்பெற்றிருக்கிறது. அதில் எட்டு விஷயங்களைவிட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறார்கள். அவற்றில் 'அஜ்ஸு' என்பது ஒன்று. 'கஸல்' என்பது மற்றொன்று. முன்னதற்கு இயலாமை என்று பொருள். பின்னதற்குச் சோம்பல் என்று பொருள். இரண்டையும் தனித்தனியாகச் சொன்னார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். சக்தி இருந்தும் மனம் இல்லாதிருப்பது ஒன்று. மனம் இருந்தும் சக்தி இல்லாதிருப்பது வேறொன்று. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் ஆள் பாயில் கிடக்கிறான். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கிடப்பவனும் அவனைப் படைத்தவனுமே அறிவார்கள்.

நாம் அன்று ஓதிக்காட்டிய ஆயத்தையே திரும்ப எடுத்துப் பார்த்தோம். நயவஞ்சகனின் சோம்பலோடு இன்னொரு குணத்தையும் அல்லாஹுத்தஆலா அங்கே சேர்த்துச் சொல்கிறான்: அவர்கள் மனிதர்களுக்குக் காட்டுவதற்காகத் தொழுகிறார்கள் என்பது. அதாவது ஆள் பார்த்தால் எழுந்திருப்பான், பார்க்காவிட்டால் படுத்திருப்பான். நமது சகோதரரோ யாரும் பார்க்காத இருட்டில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதவர். அந்த ஆயத்தின் பாதியை மட்டும் எடுத்து அவர் தலையில் போட்டோம். ஆலிம்கள் நம்மை மன்னிப்பார்களாக.

களைப்பு ஈமானின் குறை என்று எண்ணுவோர் திருமறையில் இரண்டு இடங்களைப் பார்க்கட்டும். வானங்களையும் பூமியையும் படைத்த பின் தன்னை எந்தக் களைப்பும் தீண்டவில்லை என்று அல்லாஹ் சூரத்து காஃபில் கூறுகிறான். களைப்பில்லாத தன்மை அவனுக்கே உரியது என்பது இதிலிருந்து விளங்குகிறது. சூரத்துல் கஹ்ஃபிலோ, உலுல் அஸ்ம் நபிமார்களில் ஒருவரான மூஸா (அலை) அவர்கள், பயணத்தில் களைத்துப்போய்விட்டதாகத் தமது பணியாளரிடம் சொல்லி உணவைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஒரு நபி தம் களைப்பை வாய்விட்டுச் சொன்னதை அல்லாஹ் தன் வேதத்தில் பதிந்து வைத்திருக்கிறான். நம் வீடுகளில் ஒருவர் களைப்பாக இருக்கிறது என்று சொன்னால், "எனக்கு மட்டும் இல்லையா?" என்று உடனே பதில் வருகிறது!

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருநாள் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது இரண்டு தூண்களுக்கு இடையில் கயிறு ஒன்று கட்டியிருப்பதைக் கண்டார்கள். விசாரித்தார்கள். அது ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியது என்றும், நின்று தொழுது தளர்ந்துவிட்டால் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்றும் சொல்லப்பட்டது. நாமாக இருந்தால் மெச்சியிருப்போம். அவர்களோ கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் உள்ளவரை தொழவேண்டும், தளர்ந்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்றார்கள். உபரி வணக்கத்தின் விஷயம் இது. பர்ளான தொழுகையிலும், மூல நோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நின்று தொழும்படியும், முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் வழி சொன்னார்கள்.

இந்தச் சலுகைகளை நம் மக்கள் அறியாமல் இல்லை. கால் முறிந்தவர் நாற்காலியில் தொழுதால் யாரும் கேட்பதில்லை. மாவுக்கட்டு கண்ணுக்குத் தெரிகிறதே! கண்ணுக்குத் தெரியாத நோயுள்ளவர் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் ஸஃபில் திரும்பிப் பார்க்கிறோம். நமது சகோதரரை நாற்காலியில் உட்காரவிடாமல் செய்தது ஷரீஅத்தல்ல, அந்தத் திரும்பிப் பார்த்தல்தான்.

இப்படி இடம் கொடுத்தால் உண்மையான சோம்பேறிகளும் நோய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். சிலர் தப்பிக்கத்தான் செய்வார்கள். ஆனால் இரு தவறுகளையும் தராசில் வைத்துப் பாருங்கள். சோம்பேறியை நோயாளி என்று நாம் நம்பிவிட்டால், அவனுக்கு உரிமையில்லாத ஓர் இளைப்பாறுதல் கிடைத்துவிடுகிறது. அதற்குரிய கணக்கை அவன் தன் ரப்பிடம் ஒப்படைப்பான். நோயாளியைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டால், ஏற்கெனவே உடல் கைவிட்ட ஒருவனை ஜமாஅத்தும் கைவிட்டுவிடுகிறது. அதற்குரிய கணக்கு நம்முடையது.

சரி, மருத்துவம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆகவே சகித்துக்கொள் என்பதோடு நிறுத்துவது அரைகுறை உபதேசமாகும். தீராத களைப்புக்கு முதலில் பார்க்க வேண்டியது இரத்தம். 2019-21ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் இந்திய அளவில் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் 53 பேருக்கும் இரத்தச் சோகை காணப்பட்டது. அதாவது பாதிக்கு மேல். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிக்கும் நம் வழக்கம் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது என்பதையும் இல்லத்தரசிகள் தெரிந்துகொள்வது நல்லது. அடுத்து தைராய்டு, சர்க்கரை, பி12 வைட்டமின், காசநோய், குறட்டையோடு மூச்சு தடைப்படும் உறக்கக் கோளாறு, மனச்சோர்வு. இவை எல்லாம் களைப்பு என்ற ஒரே வேஷத்தில் வரக்கூடியவை. பெரும்பாலானவற்றுக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே சோதனையும் சிகிச்சையும் உண்டு. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் சத்து டானிக்கோடு வருடக்கணக்கில் காலம் தள்ளுவது தவறு.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் தென்படாத களைப்பும் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் நர்சுகளுமாக ஏறத்தாழ 300 ஊழியர்கள் இப்படி ஒரு நோயில் விழுந்து, ஆஸ்பத்திரியையே சில மாதங்கள் மூடவேண்டி வந்தது. பலருக்குத் தளர்ச்சி நெடுங்காலம் நீங்கவில்லை. 1970ல் இரண்டு மனநோய் மருத்துவர்கள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து, இது ஒருவரைப் பார்த்து ஒருவர் கொண்ட மனப்பிராந்தி என்று எழுதினார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று! அந்தக் கருத்து பல்லாண்டுகள் நின்றது. பிறகு 2015ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு ஒன்று, இது உடல் முழுவதையும் பாதிக்கும் கடுமையான நோய்தான் என்று அறிவித்தது. இதன் முக்கிய அடையாளம் என்ன தெரியுமா? இன்று சிறிது முயன்று வேலை செய்தால், நாளையோ நாளை மறுநாளோ உடல் பல மடங்கு விழுந்துவிடும். கல்யாண வலீமாவில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவரை நாம் பார்க்கிறோம். அதற்குப் பின் இரண்டு நாள் அவர் எழ முடியாமல் கிடந்ததைப் பார்ப்பதில்லை.

'நடந்தால் சரியாகிவிடும், ஓடினால் சரியாகிவிடும்' என்று நாம் எல்லாருக்கும் சொல்கிறோம். இந்த வகை நோயாளிகளுக்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையைத் தரக்கூடாது என்று 2021ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டும் நிறுவனமே தன் பழைய அறிவுரையை மாற்றிக்கொண்டது. 2020க்குப் பின் கொரோனா கண்டு பிழைத்தவர்களில் சிலர் மாதக்கணக்கில் இப்படித் தளர்ந்து கிடந்ததை நம் தெருக்களிலேயே பார்த்தோம். அதன் பிறகாவது நமக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். முன்னே சொன்ன 1970ஆம் ஆண்டுக் கட்டுரை வந்த அதே பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் 2005ல் நம் நாட்டுக் கோவாவைப் பற்றி ஓர் ஆய்வு வெளியாயிற்று. சுமார் 2,500 பெண்களை விசாரித்ததில் நூற்றுக்கு 12 பேர் ஆறு மாதத்துக்கு மேலாகத் தீராத களைப்பில் இருந்தார்கள். இரத்தத்தையும் சோதித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பெண்களின் களைப்புக்கும் இரத்தச் சோகைக்கும் தொடர்பு காணப்படவில்லை. எவற்றோடு தொடர்பு காணப்பட்டது? குடும்பத்தின் கடன், பசி, படிப்பில்லாமை, மனத்துயரம், கணவன் செய்யும் கொடுமை. இரத்தம் சோதிக்க வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. இரும்புச் சத்து மாத்திரையோடு நம் கடமை முடிந்துவிடவில்லை என்றே பொருள்.

இதைப் படித்தபோது நமக்கு அந்த துஆவின் மற்ற பகுதிகள் நினைவுக்கு வந்தன. கவலையும் துக்கமும் இயலாமைக்கும் சோம்பலுக்கும் முன்னே நிற்கின்றன. கடனின் பாரமும் மனிதர்களின் ஆதிக்கமும் இறுதியில் வருகின்றன. எட்டும் ஒரே துஆவில். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும் என்பதை ஓதியவர்களுக்கு அது உணர்த்தியிருக்க வேண்டும். நாமோ அரபியில் ஓதிவிட்டு, வட்டிக்குக் கடன் வாங்கிய வீட்டுப் பெண் ஏன் வாடியிருக்கிறாள் என்று கேட்கிறோம்.

மனத்தால் வந்த களைப்பென்றால் அது பொய்க் களைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாதில் நிஜாமிய்யா மதரஸாவின் தலைமை ஆசிரியராய்ப் புகழின் உச்சியில் இருந்தபோது, ஹிஜ்ரி 488ல் (கி.பி. 1095) அவர்களுடைய நாவு பாடம் சொல்ல எழவில்லை, உணவு இறங்கவில்லை, உடல் சக்தி குன்றியது. வைத்தியர்கள் இது உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கிய நோய் என்று சொல்லி மருந்தைக் கைவிட்டார்கள். இமாமவர்களே தம் வரலாற்றில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஹுஜ்ஜத்துல் இஸ்லாமைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்காவது துணிவுண்டா?

களைத்தவர் தம் பங்குக்குச் செய்யவேண்டியதும் உண்டு. மருத்துவம் பார்ப்பது முதலாவது. இரண்டாவது, இருக்கும் சக்தியைக் கைமுதல்போல் எண்ணிச் செலவிடுவது. பர்ளுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் தொழிலையும், அதிலும் மிஞ்சினால் நபிலையும் வைத்துக்கொள்ளட்டும். குறைவாயினும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்று ஹதீஸில் வந்திருக்கிறது. நோன்பு நோற்றால் நோய் முற்றும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால், விட்டுவிட்டுக் குணமான பின் களாச் செய்வதும், குணமாகும் நம்பிக்கையே இல்லாதவர் ஃபித்யாக் கொடுப்பதும் ஷரீஅத் காட்டிய வழி. அவரவர் நிலையைச் சொல்லி ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நோயில் படுத்தவருக்கு, அவர் சுகமாயிருந்த நாளில் செய்துவந்த அமலின் கூலி எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் என்ற சுபச்செய்தியையும் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுபவருக்கு அன்று நாம் சொல்லியிருக்க வேண்டியது இந்த ஹதீஸ். நாம் வேறொன்றைச் சொன்னோம்.

சென்ற மாதம் இஷாவுக்குப் பின் அவர் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். வாசல்வரை வந்ததும் கால் தயங்கியது. அவர் உறங்கிக்கொண்டிருந்தார். "எழுப்பட்டுமா பாய்?" என்று அவர் மனைவி கேட்டார். வேண்டாம் என்று தடுத்து, திண்ணையில் உட்கார்ந்தோம். தைராய்டு குறைவு என்று டாக்டர் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருக்கிறாராம். கொஞ்சம் தேவலை, முழுக்கச் சரியாகவில்லை என்றார். வியாபாரம் இல்லாத நாட்களில் அவரே வீட்டில் தையல் மிஷின் மிதித்துச் சமாளிக்கிறார், பிள்ளைகள் மூன்று.

"நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டோம். மரியாதைக்குக் கேட்டதுதான்.

அந்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "எனக்கும் நாலு வருஷமா இப்படித்தான் இருக்குது பாய். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார்.

அவரையும் இரத்தம் சோதித்துப் பார்க்கும்படி சொல்லிவிட்டு, நமது வீட்டிலும் இந்தக் கேள்வியை இதுவரை கேட்டதில்லையே என்று எண்ணியபடி நடந்தோம். வீட்டுக்கு வந்தபோது நேரம் பத்தரை. சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.